ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டிய படம்

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ முன்னால் போய் நின்றதும் அப்பா பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். கூட்டம் முழுக்கப் படத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா மட்டும் படத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். யார் மேலாவது இடித்துவிடுவாரோ என்று நான் கையைப் பிடித்தேன்.

“விடு பாப்பா. இது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்க வேண்டிய படம்” என்றார்.

படம் இருக்கும் அறைக்கு முன்னால் ஒரு நீண்ட கூடம் இருக்கிறது. அதற்குக் கௌரவக் கூடம் என்று பெயர். அதில் பாதி தூரம் வரை வந்து, ஒரு தூணோரம் நின்று, அங்கிருந்து பார்த்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். முன்னால் நிற்கிற தலைகளுக்கு மேலே, கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் நமக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு நடந்து வருகிறார். பக்கத்தில் மஞ்சள் உடுப்பில் இன்னொருவர். பின்னால் ஒரே இருட்டு, ஈட்டி, கொடி, டமாரம். கிட்டப் போனபோது தனித்தனி ஆட்களாகத் தெரிந்தவர்கள் இங்கிருந்து பார்த்தால் ஒரு கும்பலாகக் கிளம்பி வருகிறார்கள். அந்த நடை அங்கே நின்றால்தான் தெரிகிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில், பாலக்கரைப் பக்கம், முப்பது வருஷத்துக்கு மேல் பேனர் வரைந்தவர். சினிமா பேனர், கட்-அவுட், கடை போர்டு, தேர்தல் நேரத்தில் சுவர் எழுத்து, எல்லாம். உள்ளங்கை அளவு போட்டோ ஒன்றைக் கொடுப்பார்கள். அதன்மேல் பென்சிலால் கட்டம் போடுவார். துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவார். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து, பத்தடி உயரத்துக்கு ஒரு முகத்தை ஏற்றிவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து டீ வாங்கிக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அவர் ரோட்டின் எதிர்ப்பக்கம்தான் நின்றுகொண்டிருப்பார். கன்னத்தில் நாலு இழுப்பு இழுப்பார், ரோட்டைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்ப்பார், திரும்பி வந்து ஒரு இழுப்பு. பஸ்ஸும் லாரியும் போகிற ரோடு அது. அம்மாவுக்கு அந்தக் கவலை கடைசிவரை தீரவில்லை. அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது. ராத்திரி அச்சடித்து விடிவதற்குள் கட்டிவிடலாம் என்று ஆனபிறகு பேனருக்கு ஆள் வரவில்லை. சில வருஷம் போர்டு மட்டும் எழுதினார். அதுவும் நின்றது.

நான் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா மூன்று மாத விசாவில் வந்திருந்தபோது, அவரை நெதர்லாந்து கூட்டிப்போக நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் ஆம்ஸ்டர்டாம். ஒரு தாளில் ஐந்து மியூசியம் எழுதி வைத்திருந்தேன். அதற்கு முன் நான் ஐரோப்பாவில் பார்த்த மியூசியங்களையெல்லாம் அப்படித்தான் பார்த்தேன். உள்ளே போவது, பெயர்ப் பலகையைப் படிப்பது, போனில் ஒரு படம் எடுப்பது, அடுத்ததுக்கு நகர்வது. இரண்டு மணி நேரத்தில் வெளியே. வீட்டுக்கு வந்தபிறகு போனில் இருநூறு படம் இருக்கும். அதில் எதன் முன்னால் நின்றபோது என்ன தோன்றியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இவ்வளவு செலவு செய்து இவ்வளவு தூரம் போய்விட்டு அப்படிப் பார்த்தோமே என்கிற வருத்தம் எனக்கு உண்மையாகவே உண்டு. ஆகவே அப்பாவோடு போன அந்த நான்கு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘இரவுக் காவல்’ 1642-ல் வரைந்தது. இன்றைக்கு இருக்கிற அளவு கிட்டத்தட்ட 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். கேப்டன் ஃபிரான்ஸ் பானிங்க் கோக்கும் அவருடைய நகரக் காவல்படையும் தங்கள் மண்டபத்தில் மாட்டிக்கொள்வதற்காகச் சொல்லி வரையவைத்த படம். இதைப் பற்றி நான் போகும் வழியில் படித்துச் சொன்ன விஷயங்களில் அப்பாவுக்கு எது பிடித்தது என்று பார்த்தால், எல்லாமே தொழில் சம்பந்தப்பட்டவை. மூன்று துண்டுத் துணியைக் குறுக்காகத் தைத்து இந்தக் கான்வாஸைச் செய்திருக்கிறார்கள் என்றதும், “நாங்களும் அப்படித்தானே தைப்போம், அந்த அகலத்துக்குத் துணி எங்க கிடைக்கும்?” என்றார். 2019-லிருந்து இந்தப் படத்தைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி, பொதுமக்கள் கண் முன்னாலேயே ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஆய்வில், எல்லாவற்றுக்கும் அடியில் ஈயம் கலந்த எண்ணெய்ப் பூச்சு ஒன்று இருப்பது தெரிந்தது. மண்டபத்தின் வெளிச்சுவரில் ஈரம் இறங்கும் என்பதால் துணியைக் காப்பாற்ற அப்படிச் செய்திருக்கலாம் என்கிறார்கள். அதற்கு மேலே மணலும் களிமண்ணும் கலந்த ஓர் அடிப்பூச்சு. அப்பா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. மழைக்காலத்தில் பேனர் துணி உப்பிப்போய், போட்ட பெயின்ட் பொறுக்குத் தட்டி விழும் தொல்லை அவருக்குத் தெரியும். “அடிவேலை பார்த்திருக்கான்யா” என்று மட்டும் சொன்னார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

1715-ல் இந்தப் படத்தை ஆம்ஸ்டர்டாம் நகரசபைக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். மாட்ட வேண்டிய சுவரில் இடம் பற்றவில்லை. நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். இடது பக்கத்தில்தான் அதிகம், அறுபது சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை. ஆனால் கெரிட் லுண்டன்ஸ் என்கிற ஓவியர் அதற்கு முன்பே இதைச் சின்ன அளவில் நகல் எடுத்து வைத்திருந்தார். அதை வைத்துத்தான் முழுப்படம் எப்படி இருந்தது என்பது தெரிகிறது. முழுப்படத்தில் கேப்டனும் துணைத்தலைவரும் நடுவில் இல்லை. சற்று வலப்பக்கமாக இருந்தார்கள். இடது பக்கம் காலி இடம் இருந்தது. அந்த இடத்தை நோக்கித்தான் அவர்கள் நடந்து போனார்கள். இப்போது அவர்கள் நட்டநடுவில் வந்துவிட்டார்கள். நகலின் படத்தைப் போனில் காட்டினேன். அப்பா அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நடக்குறதுக்கு இடம் விட்டுத்தான் வரைஞ்சிருக்கான். அந்த இடத்தைப் போய் வெட்டிட்டாங்களே” என்றார். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று சொல்லி, அப்பா வரைந்த பேனரின் ஓரத்தைத் தியேட்டர்காரர் மடித்து ஆணி அடித்ததை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அதே கூடத்தில் ‘யூத மணமகள்’ இருக்கிறது. ரெம்ப்ராண்ட் தன் கடைசி ஆண்டுகளில், 1665-க்கும் 1669-க்கும் இடையில் வரைந்தது. ஓர் ஆணும் பெண்ணும். அவன் கை அவள் நெஞ்சின் மேல். அவள் விரல் நுனிகள் அவன் கையின் மேல். இதற்கு அப்பா பின்னால் நடக்கவில்லை. நேராகக் கிட்டே போனார். அவனுடைய சட்டைக் கை மஞ்சளும் பழுப்பும் பொன்னுமாக அப்பிக் கிடக்கிறது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பெயின்ட் மேடும் பள்ளமுமாக நிற்கிறது, காய்ந்த வயலில் கட்டி நிற்கிற மாதிரி. மேலேயிருந்து வருகிற வெளிச்சம் ஒவ்வொரு மேட்டிலும் பட்டுத் தெறிக்கிறது. பட்டுத்துணி மினுங்குவதை ரெம்ப்ராண்ட் வண்ணத்தால் மட்டும் வரையவில்லை, உண்மையான வெளிச்சம் வந்து உட்காருவதற்குத் திண்டு கட்டி வைத்திருக்கிறார். போனில் எடுத்த போட்டோவில் இது தட்டையான மஞ்சளாகத்தான் விழுகிறது. “கத்தியால இழுத்திருப்பான்” என்றார் அப்பா. அவரும் கன்னத்து எலும்பில் வெளிச்சம் காட்டக் கத்தியால்தான் இழுப்பார்.

இந்தப் படத்தை ஒரு காலத்தில், தகப்பன் மகளுக்குக் கல்யாணத்தன்று சங்கிலி போட்டுவிடுகிறான் என்று புரிந்துகொண்டிருந்தார்கள். இப்போது பைபிளில் வரும் ஈசாக்கும் ரெபேக்காளும் என்கிறார்கள். நான் இரண்டையும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 1885-ல் இந்த மியூசியம் திறந்த புதிதில் வான் கோ இங்கே வந்து இதே படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காய்ந்த ரொட்டித் துண்டை மட்டும் தின்றுகொண்டு இரண்டு வாரம் இதன் முன்னால் உட்கார முடிந்தால் ஆயுளில் பத்து வருஷத்தைக் கொடுத்துவிடுவேன் என்று கூட வந்த நண்பரிடம் சொன்னாராம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு முக்கால் மணி நேரம்.

‘பால் ஊற்றும் பெண்’ பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

வெர்மீர் வரைந்த இந்தப் படத்தைக் காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்த்துப் பார்த்து, அது பெரிய படம் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் 45.5 சென்டிமீட்டர் உயரம், 41 சென்டிமீட்டர் அகலம். நம் வீட்டில் மாட்டுகிற சாமி படம் அளவுதான். முன்னால் எப்போதும் ஆள் நிற்கிறது. எங்கள் முறை வரப் பத்து நிமிடம் ஆனது. ஜன்னலோரம் ஒரு சமையற்காரப் பெண். மண் ஜாடியிலிருந்து மண் சட்டியில் பால் ஊற்றுகிறாள். பால் நூலாக இறங்குகிறது. மேஜையில் ரொட்டி, கூடை, நீல விரிப்பு. ரொட்டியின் மேல் புள்ளி புள்ளியாக வெளிச்சம். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில் ஓர் ஆணி, ஆணியின் நிழல், ஆணி பிடுங்கிய ஓட்டை, கொஞ்சம் காரை பெயர்ந்த இடம்.

அப்பா சுவரைத்தான் பார்த்தார். “வெள்ளைச் சுவர் வரையறதுதான் கஷ்டம் பாப்பா. ஜன்னல்கிட்ட ஒரு வெள்ளை, இங்க ஒரு வெள்ளை, அவ தோளுக்குப் பின்னாடி ஒரு வெள்ளை. எதுவுமே வெள்ளை இல்ல பாரு” என்றார். பார்த்தேன். அவள் இருட்டாக இருக்கும் பக்கத்தில் சுவர் வெளிச்சமாகவும், வெளிச்சம் விழும் பக்கத்தில் சுவர் மங்கலாகவும் இருந்தது. அதனால்தான் அவள் சுவரை விட்டு இந்தப் பக்கம் வந்து நிற்கிறாள்.

அன்று இரவு ஹோட்டலில் இந்தப் படத்தைப் பற்றிப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2022-ல் மியூசியத்தார் ஊடுருவிப் பார்க்கும் கருவிகளால் இதைச் சோதித்தபோது, அந்த வெற்றுச் சுவரில் வெர்மீர் முதலில் ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றை வரைந்து, பிறகு அதை மறைத்துவிட்டது தெரிந்தது. தரையில் இருந்த கணப்புக் கூடையையும் அப்படியே மறைத்திருக்கிறார். அப்பா “ம்” என்றார். இன்னொன்றும் படித்தேன். அந்தப் பெண்ணின் வலது கைக்குச் சற்று மேலே கான்வாஸில் ஒரு குண்டூசித் துளை இருக்கிறது. ஜன்னல் கோடுகள், மேஜைக் கோடுகள் எல்லாம் நீட்டினால் போய்ச் சேருகிற புள்ளி அது. அங்கே ஊசியைக் குத்தி, அதில் நூலைக் கட்டி, நூலில் சுண்ணப்பொடி தடவி, இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். வெர்மீரின் பல படங்களில் இப்படித் துளை இருக்கிறதாம்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

போர்டு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை இது. நூலில் சாக்பீஸ் பொடி தடவி, ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பிடித்து, நடுவில் சுண்டினால் பலகையில் நேர்கோடு. அந்த மறுமுனையைப் பல நாள் பிடித்தது நான்தான். விரல் நுனியெல்லாம் வெள்ளையாகிவிடும். “நூல் அடிச்சிருக்கான்” என்றார் அப்பா. “முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆளும் நூல்தான் அடிச்சிருக்கான்.” மறுநாள் காலை வேறொரு மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். “திரும்பி அங்கயே போலாமா?” என்று கேட்டார். வாங்கின டிக்கெட் போனால் போகிறது என்று, ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே போய் நின்று, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக இரண்டாவது மாடிக்குப் போனோம். ஏழெட்டு நிமிடம் அந்தப் படத்தின் முன்னால் நாங்கள் இருவர் மட்டும்தான். துளை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பா விரலைக் காற்றில் நீட்டி, ஜன்னல் கம்பியிலிருந்து அவள் கை வரைக்கும், மேஜை ஓரத்திலிருந்து அவள் கை வரைக்கும் கோடு இழுத்துக் காட்டினார். எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. பார்க்கிறவர் கண் எங்கே சுற்றினாலும் கடைசியில் பால் ஊற்றுகிற அந்தக் கையில் வந்து நிற்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெர்மீர் 1675-ல் இறந்தபோது வயது 43. வீட்டில் பதினோரு பிள்ளைகள், தலைக்கு மேல் கடன். ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் அறுநூறு கில்டருக்கு மேல் பாக்கி. அதற்கு ஈடாக அவர் மனைவி இரண்டு படங்களைக் கொடுத்தார். அதை நான் சொன்னபோது அப்பா அந்த ரொட்டியைத் திரும்ப ஒரு முறை பார்த்தார். பாலக்கரையில் மளிகைக்கடை நோட்டில் எங்கள் பெயரில் எழுதியிருந்த பக்கங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அவருக்கும் வந்திருக்கும்.

கிளம்பும் முன் ஆசியக் கலைக்கென்று தனியாகக் கட்டியிருக்கும் மண்டபத்துக்கும் போனோம். அங்கே 12-ஆம் நூற்றாண்டின் நடராஜர் ஒருவர் இருக்கிறார், நம் தமிழ்நாட்டு வார்ப்பு. ஒன்றரை மீட்டர் உயரம், 300 கிலோ எடை. உள்ளே காலியா கெட்டியா என்று பார்க்க, ராட்டர்டாம் துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சோதிக்கிற எக்ஸ்ரே சுரங்கத்துக்குள் லாரியோடு சேர்த்து அவரை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். முழுக்கக் கெட்டி. அப்பா செருப்பைக் கழற்ற இடம் தேடினார், அப்புறம் அப்படியே நின்றபடி கும்பிட்டார். மாலை, வேட்டி, விபூதி எதுவும் இல்லாமல் அவ்வளவு கிட்டத்தில் நடராஜரை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. தூக்கிய திருவடியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அந்தக் கலைஞர் இதைக் கோயில் அரைவெளிச்சத்திலும் தீபாராதனையிலும் தெரிவதற்காகத்தானே செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. நடராஜருக்கு உரிய தூரமும் வெளிச்சமும் வேறு. அங்கே எனக்குச் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே இருந்தன.

மூன்றாம் நாள் ஹேக் நகரத்தின் மௌரிட்ஸ்ஹவுஸ். சின்ன மியூசியம், ஒரு பெரிய வீடு மாதிரி. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு முற்பகலில் அலுப்பில்லாமல் பார்த்துவிடலாம். ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ இங்கேதான் இருக்கிறாள். அவளைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த முத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே முத்து இல்லை. மேலே கெட்டியாக ஒரு வெள்ளை, கீழே காலரின் வெளிச்சத்தை வாங்கிய மங்கலான இன்னொரு வெள்ளை, அவ்வளவுதான். மாட்டுவதற்குக் கொக்கிகூடக் கிடையாது. மீதியை நம் கண் போட்டுக்கொள்கிறது. அவளுக்கு எதிர்ச்சுவரில் வெர்மீரின் ‘டெல்ஃப்ட் நகரக் காட்சி’. அவளைப் போட்டோ எடுக்கிற கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மழை விட்ட காலை, முன்பக்கம் மேகநிழலில் இருட்டு, உள்ளே தூரத்துக் கூரைகளில் மட்டும் வெயில். நாங்கள் அங்கே போய் நின்றோம். எங்களுக்கு நல்ல இடமாகக் கிடைத்தது.

அங்கே அப்பாவுக்கு மிகவும் பிடித்தது வேறு. கரேல் ஃபப்ரிட்டியஸ் 1654-ல் வரைந்த ஒரு சின்னக் குருவி. 33 சென்டிமீட்டர் உயரப் பலகை. சுவரில் பதித்த பெட்டியின் கம்பியில் காலில் சங்கிலியோடு உட்கார்ந்திருக்கிறது. இறக்கையில் மஞ்சள் ஒரே இழுப்பு, அதைப் பிரஷின் பின்காம்பால் கீறியிருக்கிறார். கிட்டே பார்த்தால் கிறுக்கல். நாலடி பின்னால் வந்தால் அது இப்போது தலையைத் திருப்பும் என்று நினைக்கத் தோன்றுகிறது. கீழே சுவரில் ஓவியர் பெயரும் வருஷமும் எழுத்தெழுத்தாக வரைந்திருக்கிறது. அப்பா அந்த எழுத்தைத்தான் முதலில் படித்தார். ஆங்கில எழுத்தில் போர்டு எழுதியவர் அல்லவா, எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்தார். “நல்லா விட்டிருக்கான்” என்றார். அந்த வருஷம் அக்டோபரில் டெல்ஃப்ட் நகரத்தின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, ஊரில் கால்வாசி தரைமட்டமாகியது. ஃபப்ரிட்டியஸும் அந்த வெடிப்பில் செத்துப்போனார். வயது 32. அவர் படங்களில் மிஞ்சியவை மிகக் கொஞ்சம். இதைச் சொன்னபிறகு நாங்கள் இன்னொரு முறை குருவியிடம் போய்விட்டு வந்தோம்.

ஹார்லெம் பற்றி. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஃபிரான்ஸ் ஹால்ஸ் மியூசியத்துக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். ஐரோப்பாவில் பல மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை, பயணத்தை வகுக்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் போனது வியாழன் மதியம், கூட்டமே இல்லை. செங்கல் கட்டடம், நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். 1609-ல் ஆதரவற்ற முதியவர்களுக்காகக் கட்டிய இல்லம் அது. பிறகு அநாதை விடுதியாக இருந்து, 1913-ல் மியூசியம் ஆனது. ஓவியர் ஹால்ஸுக்கு அந்தக் காலத்தில் பெரிய பெயர் இருந்தது, காசு மட்டும் கையில் நிற்கவில்லை. அவரும் ரொட்டிக்கடைக்காரருக்குக் கடன்பட்டு, வீட்டுச் சாமானும் படங்களும் ஜப்தி அளவுக்குப் போனது. கடைசி வருஷங்களில் நகரசபை கொடுத்த உதவித்தொகையில்தான் வாழ்ந்தார். அந்தச் சமயத்தில், 1664 வாக்கில், எண்பது வயதைத் தாண்டியபிறகு, இந்த முதியோர் இல்லத்தை நிர்வகித்தவர்களை இரண்டு பெரிய படங்களாக வரைந்தார். ஒன்று ஆண்கள், ஒன்று பெண்கள். எந்த இல்லத்துக்காக வரைந்தாரோ அந்த இல்லத்திலேயே அவை இன்றும் தொங்குகின்றன.

பெண்கள் படத்தில் நால்வர் மேஜையைச் சுற்றி இருக்கிறார்கள், ஐந்தாவதாக ஒரு பணிப்பெண் வலது ஓரத்தில் நிற்கிறாள். எல்லோரும் கறுப்பு உடை, வெள்ளைக் காலர். முகங்கள் நம்மைப் பார்க்கின்றன, அதில் கனிவும் இல்லை, கோபமும் இல்லை. வாழ்ந்து முடித்தவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வை அது. ஹால்ஸிடம் இருபத்தேழு விதமான கறுப்பு இருக்கிறது என்று வான் கோ தன் தம்பிக்கு எழுதினார். நான் எண்ணவில்லை. ஆனால் ஒரு கறுப்பு நீலத்தில் முடிகிறது, ஒன்று பழுப்பில் முடிகிறது, ஒன்று அடுப்புக்கரி மாதிரி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுக்கு எனக்கே தெரிந்தது.

அப்பா ஒரு கையின் அருகே போய்விட்டார். மிக அருகே. மடியில் வைத்திருக்கும் ஒரு கிழவியின் கை. விரல்கள் என்று அங்கே எதுவும் இல்லை. பழுப்பு, இளஞ்சிவப்பு, சாம்பல் என்று அவசரமாகப் போட்ட ஏழெட்டு இழுப்புகள். ஒன்றோடொன்று கலக்கவுமில்லை, தேய்த்துவிடவுமில்லை. அப்பாவின் விரல் தன்னை அறியாமல் மேலே எழுந்து அந்த இழுப்புகளின் போக்கில் அசைந்தது. காவலர் வந்து, சின்னக் குரலில், கொஞ்சம் பின்னால் வாருங்கள் என்று கையால் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பா பின்னால் வந்தார். இரண்டடி, நாலடி. ஆறாவது அடியில் நின்றார். என் தோளைத் தொட்டு அங்கே நிற்கவைத்தார்.

அந்த ஏழெட்டு இழுப்பும் கையாகிவிட்டது. எலும்பு தெரிந்தது, மேல்தோல் தளர்ந்து நரம்பு ஓடுவது தெரிந்தது. எண்பது வருஷம் வேலை செய்த கை.

“பேனர் கை பாப்பா இது” என்றார் அப்பா. குரல் சரியாக வரவில்லை. “எங்க நின்னு பார்ப்பாங்கன்னு தெரிஞ்சவன் போட்டது. கிட்ட இருந்து போடுறான், கண்ணை இங்க வச்சிருக்கான்.”

அவர் வரைந்த முகங்களைப் பற்றி ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. மூன்று வாரம், நாலு வாரம், அடுத்த படம் வந்ததும் அதன்மேலேயே வெள்ளை அடித்துவிடுவார்கள். ஒரு துணியில் எத்தனை முகங்கள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கும் என்று நான் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். அவருடைய வேலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அது என் மனதைப் பிசைகிறது.

நாலு மணிக்கு மேல் கீழே வந்து, வெளியே போகும் வழியில் இருந்த கடைக்குள் நுழைந்தோம். அந்தப் பெண்கள் படம் அஞ்சலட்டையாக இருந்தது. அப்பா ஒன்றை எடுத்தார். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தருகே கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார். மறுபடி நீட்டினார்.

“இதுல அந்தக் கை வரலையே” என்றார். அட்டையை எடுத்த இடத்திலேயே நேராக அடுக்கி வைத்தார். “மணி என்ன?”

“நாலு இருபது. அஞ்சு மணிக்கு மூடுவாங்கப்பா.”

“நாப்பது நிமிஷம் இருக்கு” என்றார். டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே நடந்தார். நான் போனபோது அவர் அதே ஆறாவது அடியில் போய் நின்றிருந்தார். பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார்.